கொல்லிப்பாவையும் பாக்சைட்டும்: மின்னியல் பாடம் குறித்து

கொல்லிமலை என்றவுடன் தமிழ் இலக்கிய வாசகனின் நினைவில் எழுபவை மூன்று: வல்வில் ஓரி, அறப்பளீசுவரர், கொல்லிப்பாவை. ராஜமார்த்தாண்டன் நடத்திய சிற்றிதழுக்கும் அப்பாவையின் பெயர்தான். ஆனால் அதே மலையின் உச்சியிலிருந்து பல ஆண்டுகள் லாரி லாரியாக இறங்கிய பாக்சைட் கல் நம் நினைவில் எழுவதில்லை. இந்த மறதிக்கும் நம் பிள்ளைகள் மின்னியலைக் கண்டு அஞ்சுவதற்கும் தொடர்பு உண்டு என்பது என் வாதம்.

அந்தக் கல் மேட்டூருக்குச் சென்றது. 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, 2008இல் உருக்காலை நிற்கும்வரை, மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தது. மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் படிக்கும் ஒரு மாணவி மின்னியலிலும் காந்தவியலிலும் அறியவேண்டிய அடிப்படைகள் யாவும் இந்தக் கல்லின் பயணத்துக்குள் அடங்கியிருக்கின்றன. அவளிடம் நாம் கேட்பதோ, 'ஓம் விதியைக் கூறுக' என்ற இரண்டு மதிப்பெண் வினா.

மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் என்ன வேறுபாடு? வரையறையை ஒப்பிக்கும் மாணவர்களில் பலர் இங்கே தடுமாறுவார்கள். அலுமினியம் பிரிக்கும் தொட்டி ஒன்றுக்குத் தேவை 4 முதல் 5 வோல்ட். மூன்று டார்ச் செல்களை வரிசையாக அடுக்கினால் கிடைக்கும் அழுத்தம். ஆனால் அதனூடே ஓடுவது பல்லாயிரம் ஆம்பியர். இந்த ஒரு செய்தி, இரண்டும் வேறு வேறு என்பதைப் பத்து வரையறைகளைவிட ஆழமாக மனத்தில் பதிக்கும். தொட்டிகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் முதல் தொட்டியில் ஓடும் அதே மின்னோட்டமே கடைசித் தொட்டியிலும் ஓடுகிறது. 'கரண்ட் செலவாகிறது' என்ற பொதுப்பிழை அங்கேயே உடைகிறது. செலவாவது ஆற்றல், ஒரு கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 15 யூனிட். 1000 வாட் மின்னடுப்பு ஒன்று பதினைந்து மணி நேரம் எரிவதற்குச் சமம்.

காந்தத்துக்கு வருவோம். சேலத்தை அடுத்த கஞ்சமலையில் மாக்னடைட் என்னும் இரும்புத்தாது இருக்கிறது. காந்தம் அதனை இழுக்கும். கொல்லிமலைக் கல்லிலிருந்து வந்த அலுமினியத்தை இழுக்காது. ஆனால் அதே அலுமினியத்தைக் கம்பியாக நீட்டி, மின்னோட்டம் செலுத்தி, அருகே ஒரு திசைகாட்டியை வைத்துப் பாருங்கள், முள் திரும்பும். 1820இல் அயர்ஸ்டெட் கண்டு வியந்தது இதைத்தான். காந்தத்தன்மை இரும்புக்கு மட்டும் உரியதன்று, ஓடும் மின்னூட்டத்தின் இயல்பும்கூட என்னும் பேருண்மை அந்தச் சிறிய அசைவில் இருக்கிறது. இதன் மறுதலையை, அதாவது மாறும் காந்தப்புலம் மின்சாரத்தைப் பிறப்பிப்பதை, ஃபாரடே 1831இல் காட்டினார். 1937 முதல் இயங்கிவரும் மேட்டூர் அணை மின்நிலையம் அந்தத் தத்துவத்தைத்தான் காவிரியைக் கொண்டு நிகழ்த்துகிறது. ஃபாரடே புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கணிதப் பயிற்சி மிகக் குறைவு. சூத்திரம் முதலில் வந்திருந்தால் ஃபாரடே வந்திருக்கமாட்டார்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் படங்களும் செயல்பாடுகளும் கூடியுள்ளன என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை, அதனை மறுப்பது அநியாயம். ஆனால் வினாத்தாள் எதைக் கேட்கிறதோ அதுவே வகுப்பறையில் பாடமாகிறது. திசைகாட்டி முள் ஏன் திரும்பியது என்று கேட்காத தேர்வு, திசைகாட்டியை அலமாரியிலேயே பூட்டிவைக்கும். ஒரு செல், ஒரு முழம் கம்பி, ஒரு திசைகாட்டி: இவற்றை வாங்க இயலாத அளவுக்கு எந்த அரசும் ஏழையன்று.

தமிழில் அறிவியல் கற்பதால்தான் இந்தக் குழப்பம் என்போர் இன்னொரு சாரார். அவர்கள் சுட்டும் சிக்கல் ஒன்று மெய்யானது. செய்தித்தாளில் 'மின்தடை' என்றால் ஊரில் மின்சாரம் இராது என்று பொருள். பாடநூலில் அதே சொல், மின்னோட்டத்தைக் கம்பி எதிர்க்கும் பண்பு. இரண்டையும் பிரித்துக் காட்ட ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைத் தராமல் மொழியின்மேல் பழிபோடுவது சோம்பல். 'மின்னழுத்தம்' என்ற சொல்லில் உள்ள அழுத்தம் தமிழ்க்குழந்தைக்கு உடனே பிடிபடும். 'வோல்டேஜ்' என்ற ஒலி எதையும் சொல்லாது.

இறுதியாக, நம்மைப் பற்றி. சிற்றிதழ் வாசகர்களாகிய நாம் அறிவியலைப் பாடநூல் குழுக்களிடம் ஒப்படைத்துவிட்டு, நடை நன்றாயில்லை என்று புலம்புகிறோம். உரைநடையின் ஆற்றலை அறிந்தவர்கள் விலகி நின்றால் வரையறைகளின் மொழிதான் மிஞ்சும். பார்ப்போரை ஈர்க்கும் பாவையைப் பாடிய மொழிக்கு, காந்தம் ஏன் ஈர்க்கிறது என்று ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு அழகாகச் சொல்லவும் வலிமை உண்டு. அதை எழுதுவதும் இலக்கியப் பணியே. அதைவிடத் தாழ்ந்ததென்று கருதுவோர் முள்ளுக்குறிச்சியில் ஒருநாள் எட்டாம் வகுப்புக்கு மின்னியல் பாடம் நடத்திப் பார்க்கட்டும்.