பெயருக்குக் கொடுக்கும் விலை

மருந்து ஏன் இவ்வளவு விலை என்று கேட்டால் கம்பனிகளிடம் எப்போதும் ஒரே பதில்தான்: ஆராய்ச்சிச் செலவு. நம்மில் படித்தவர்களும் அதற்குத் தலையாட்டிவிடுகிறோம். அந்தத் தலையாட்டலுக்குக் காசு கட்டுபவர் யார்?

எத்தாளையில் கடலுக்குப் போகிறவரும் தோட்டம் செய்கிறவரும் சீனி வருத்தத்துக்கு விழுங்குவது மெட்போமின். ஆஸ்பத்திரியில் கையிருப்பு இல்லையென்றால் துண்டோடு கற்பிட்டிக்கோ புத்தளத்துக்கோ பாமசி தேடிப் போக வேண்டும். மெட்போமின் 1957 முதல் நோயாளர்களுக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. அதன் ஆராய்ச்சிக் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனாலும் துண்டில் பெரிய கம்பனியின் வணிகப் பெயர் இருந்தால் ஒரு விலை, மருந்தின் சொந்தப் பெயர் இருந்தால் அதைவிடக் குறைந்த விலை. இடையிலுள்ள காசு எந்த ஆய்வுகூடத்துக்குப் போகிறது?

புதிய மருந்துக்குச் செலவு உண்டு. பரிசோதனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை தோற்றும் போகின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மருந்துக்கு ஏறத்தாழ 260 கோடி டொலர் என்று அமெரிக்காவின் டப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மையம் 2014 இல் சொன்னது. அதில் 116 கோடியளவு கையை விட்டுப் போன பணமே அல்ல. போட்ட முதலை இத்தனை வருடம் வேறெங்காவது இட்டிருந்தால் வந்திருக்கும் இலாபம். வட்டியைக் கூட்டி வைத்துவிட்டு ஆராய்ச்சி என்கிறார்கள். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான சொபொஸ்புவிர் மாத்திரைக்கு 2013 இல் கிலியட் கம்பனி வைத்த விலை 12 வாரத்துக்கு 84,000 டொலர். கண்டுபிடித்தது வேறொரு கம்பனி. கிலியட் அந்தக் கம்பனியையே வாங்கியது. வருமானத்தைப் பெருக்கவே இந்த விலை வைக்கப்பட்டது என்று 2015 இல் அமெரிக்க செனட் நிதிக்குழுவின் விசாரணை அறிக்கை சொன்னது.

நமக்கு இது புதுப்பாடமல்ல. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அமைந்தது. நாட்டில் புழங்கிய 2,100 அளவிலான மருந்துகள் சுமார் 600 ஆகக் குறைக்கப்பட்டன. சொந்தப் பெயரில் எழுது, உலகெங்கும் விலை கேட்டு மொத்தமாக வாங்கு என்பதே அவர் வழி. கொலரா பரவிய நேரத்தில், கூட்டுத்தாபனம் வேறிடத்தில் மலிவாக வாங்கிய மூலப்பொருளில் டெட்ராசைக்கிளின் செய்து தர பைசர் கம்பனி மறுத்தது. ஆராய்ச்சி அங்கே எங்கே வந்தது?

மலிவு மருந்து தரமில்லை என்பார்கள். தரம் பார்ப்பது 2015 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கடமை. அது தவறினால் அதன் சட்டையைப் பிடிக்க வேண்டும், ஏழையின் மடியையல்ல.

2016 இல் 48 மருந்துகளுக்கு அரசு உச்சவிலை விதித்தது. நல்லது. ஆனால் விலை அரசின் கையில் இருந்தாலும், துண்டில் விழும் பெயர் டொக்டரின் கையில். "மருந்தின் சொந்தப் பெயரை எழுதுங்கள் டொக்டர்" என்று கேட்க எத்தாளைக்காரருக்கு வாய் வரவேண்டும். கதையில் ஏழை நோயாளியை வைத்துக் கண்ணீர் வரவழைக்கத் தெரிந்த நாம், அந்த ஒரு வாக்கியத்தை ஊருக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருப்பது என்ன எழுத்து?