செமஸ்டர் ரெண்டு... சீஸன் ஆறு!

ஒரு குட்டி இன்டர்னல் டெஸ்ட். வருஷத்துக்கு எத்தனை பருவம்?

'வெயில், ரொம்ப வெயில், தாங்க முடியாத வெயில்'னு அந்த அரதப்பழசான ஜோக்கைச் சொன்னவங்க எல்லாம் பெஞ்ச் மேல ஏறி நில்லுங்க. 'ரெண்டு. ஆட் செமஸ்டர், ஈவன் செமஸ்டர்'னு சொன்ன புத்திசாலிகளுக்குப் பாதி மார்க். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில்னு ஆறையும் மூச்சு விடாம ஒப்பிச்சவங்க, உடனே உங்க ஸ்கூல் தமிழ் மிஸ்ஸுக்கு ஒரு போன் போட்டு நன்றி சொல்லுங்க!

நம்ம பாட்டிங்க இந்த ஆறையும் கையில வெச்சுக்கிட்டுத்தான் சமைச்சாங்க, துவைச்சாங்க, தூங்கினாங்க. சித்திரைக்கு மோர், ஐப்பசிக்கு மிளகு ரசம்னு அவங்களுக்கு ஒரு டைம்டேபிள் இருந்தது. நமக்கு? மே மாசமும் பரோட்டா சால்னா, நவம்பர்லயும் பரோட்டா சால்னா. வெயில் கொளுத்தினாலும் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் தூக்கம், மழை கொட்டினாலும் ரெண்டு மணிக்குத்தான் தூக்கம். பருவம் மாறுது பாஸ், நாம மாறுறதே இல்லை!

இதுல பெரிய கொடுமை எது தெரியுமா? நம்ம பரீட்சை அட்டவணைதான். ஆட் செமஸ்டர் எக்ஸாம் நவம்பர், டிசம்பர்ல. அதாவது வடகிழக்குப் பருவமழை உச்சத்துல ஆடுற நேரம். ஈவன் செமஸ்டர் எக்ஸாம் ஏப்ரல், மே மாசத்துல. அக்னி நட்சத்திரம் 'வா மாப்ளே'னு வரவேற்கிற நேரம். வருஷத்துலயே உடம்பு ரொம்பக் கஷ்டப்படுற ரெண்டு சீஸனைத் தேடிப் பிடிச்சு அதுல நம்மளை உட்கார வெச்சிருக்காங்க. 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னையில பரீட்சைகளே தள்ளிப்போனது சீனியர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனா, ஒவ்வொரு தடவையும் மழையே வந்து காப்பாத்தும்னு நம்ப முடியாதே. அதனால நாமதான் கொஞ்சம் மாறணும்.

வெயில் சப்ஜெக்ட்

மெக்கானிக்கல் பொண்ணு எழுதுற காலம். அதனால ஒரே ஒரு கணக்கு, பயப்படாதீங்க. ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருந்தாலே உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுது. நம்ம கிளாஸ்ல 60 பேர். அதாவது 60 குண்டு பல்பை எரிய விட்டு, கதவைச் சாத்தின மாதிரி. மொத்தம் 6 கிலோவாட்! ஒரு டன் ஏ.சி. வெளியேத்துறதே சுமார் 3.5 கிலோவாட்தான். மத்தியானம் முதல் பீரியட்ல கடைசி பெஞ்ச் தூங்குறதுக்கு லெக்சரர் மட்டுமே காரணம் இல்லைங்க, தெர்மோடைனமிக்ஸும் ஒரு காரணம்!

நம்ம தோலோட சூடு ஏறக்குறைய 35 டிகிரி. வெளியில 35-க்கு மேல போயிட்டா, உள்ளே இருக்கிற சூட்டை வெளியேத்த உடம்புக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி வியர்வை. அந்த 100 வாட்டை வியர்வையால மட்டுமே வெளியேத்தணும்னா மணிக்குச் சுமார் 150 மில்லி ஆவியாகணும். ஆறு மணி நேர காலேஜுக்கு 900 மில்லி. இது வெறுமனே உட்கார்ந்து நோட்ஸ் எழுதுறதுக்கு மட்டும்! ஸ்மித்தி, வெல்டிங், ஃபவுண்டரின்னு காக்கி யூனிஃபார்ம் போட்டு ஒர்க்ஷாப்ல நிக்கிறவங்க கணக்கு இன்னும் மேல. சொட்டுச் சொட்டாக் கீழே விழுற வியர்வைக்குக் குளிர்விக்கிற வேலையே கிடையாது. ஆவியானாதான் பலன். அதனாலதான் கடலோர ஊர்ல 36 டிகிரியே உயிரை எடுக்குது. காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருக்கு, வியர்வை ஆவியாக இடமே இல்லை.

'அப்போ தண்ணி குடி, இதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்பு?'ங்கிறீங்களா? இங்கேதான் விஷயமே இருக்கு. இந்தப் பத்திக்காக ஹாஸ்டல் தோழிகள்கிட்டயும், பஸ்ல வர்ற டேஸ்காலர் தோழிகள்கிட்டயும் பேசினேன். நிறைய பேர் சொன்ன பதில் ஒண்ணுதான்: "காலையில எட்டு மணியில இருந்து சாயங்காலம் வீட்டுக்குப் போற வரைக்கும் தண்ணியே குடிக்கிறதில்லைப்பா." ஏன்? தண்ணி குடிச்சா டாய்லெட் போகணும். டாய்லெட் மூணு மாடி கீழே இருக்கும். போனா தாழ்ப்பாள் இருக்காது. தாழ்ப்பாள் இருந்தா தண்ணி வராது. ரெண்டும் இருந்தா உள்ளே நிக்க முடியாது!

இது கூச்சப்பட்டு முழுங்குற விஷயம் இல்லை. தண்ணியும் குடிக்காம, சிறுநீரையும் அடக்கிட்டு இருந்தா யூரினரி இன்ஃபெக்ஷன் வர வாய்ப்பு அதிகம். சிறுநீர்ல எரிச்சல், அடிவயித்து வலி, அதோட காய்ச்சல்னு பரீட்சை ஹால்ல உட்கார்றது எப்படி இருக்கும்னு அனுபவிச்சவங்களைக் கேளுங்க. பசங்களும் சிரிக்காதீங்க. கோடையில தண்ணி குறையக் குறைய, கிட்னியில கல் வர்ற வாய்ப்பு கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளா இருந்தா பாஸ், அடர் மஞ்சள்னா அரியர். இதைவிட ஈஸியான லேப் டெஸ்ட் உலகத்துலயே கிடையாது.

கேரளாவுல 2019-லேயே ஸ்கூல் பசங்களுக்குத் தண்ணி குடிக்கறதுக்குன்னே தனியா ஒரு மணி அடிக்க ஆரம்பிச்சாங்க. சின்னப் பசங்களுக்கு இருக்கிற அந்த மணி நமக்கும் வேணும். ஆனா ஒரு கண்டிஷன். டாய்லெட்டைக் கழுவிட்டு அப்புறம் மணி அடிங்க சார்!

மொட்டை மாடிக்குக் கீழே ரூம் கிடைச்ச துரதிர்ஷ்டசாலிகளுக்கு ஒரு குறிப்பு. பகல் முழுக்க கான்கிரீட் குடிக்கிற வெயிலை ராத்திரிதான் கக்கும். மத்தியானம் மேற்கு ஜன்னலைத் திரை போட்டுச் சாத்துங்க. பொழுது சாய்ஞ்சதும் எதிரெதிர் ஜன்னலைத் திறந்து விடுங்க. முடிஞ்சா வார்டன்கிட்ட பேசி மாடியில வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுங்க. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிடும். செலவும் கம்மி.

கிரவுண்டுல ஆடுறவங்க கோடை ஆரம்பத்துலேயே மூணு மணி வெயில்ல முழு மேட்ச் ஆடாதீங்க. உடம்பு சூட்டுக்குப் பழக ஒண்ணு, ரெண்டு வாரம் ஆகும். கொஞ்சம் கொஞ்சமா நேரத்தைக் கூட்டுங்க. ஆடும்போது யாராவது உளற ஆரம்பிச்சாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, 'டேய், சீன் போடாதடா'ன்னு கலாய்க்காதீங்க. அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம், உயிரையே எடுத்துடும். உடனே 108-க்கு போன். நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி, விசிறி விடுங்க. நினைவு இல்லாதவங்க வாயில மட்டும் தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்.

மழை சப்ஜெக்ட்

மழைன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? பஜ்ஜி, இளையராஜா, 'நாளைக்கு லீவாம்ல' மெசேஜ். ஆனா அந்த நேரத்துல ஹாஸ்டல் காரிடர்ல இருக்கிற பக்கெட்டை எட்டிப் பார்த்திருக்கீங்களா? டெங்கு கொசு சாக்கடை பார்ட்டி இல்லைங்க. ரொம்ப டீசன்ட். சுத்தமான தண்ணியிலதான் குடித்தனம். நாம கிளாஸ்ல இருக்கிற பகல் நேரத்துலதான் கடிக்கும். முட்டையில இருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். பக்கெட் தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது. முட்டை உள்சுவத்துல ஒட்டிக்கிட்டு, காய்ஞ்சு போனாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும். அதனால வாரம் ஒரு தடவை தேய்ச்சுக் கழுவணும். ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிறப்போ பக்கெட்டையும் சேர்த்துத் தேயுங்க, அவ்வளவுதான்.

மழைக்காலத்துல காய்ச்சல் வந்தா, ரூம்மேட்டோட டப்பாவுல இருக்கிற ஏதோ ஒரு வலி மாத்திரையை எடுத்துப் போடாதீங்க. டெங்குவா இருந்தா, ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் ரெண்டும் ரத்தக்கசிவை அதிகமாக்கிடும். டாக்டரைப் பாருங்க. இன்னொண்ணு, இதைக் கொட்டை எழுத்துல எழுதி ஒட்டுங்க: டெங்குவுல ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆரம்பிக்குது. 'ஜுரம் விட்டுடுச்சு, எக்ஸாம் எழுதப் போறேன்'னு கிளம்புற ஃப்ரெண்டுக்கு விடாத வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம், ரொம்ப சோர்வு இதுல எது இருந்தாலும் எக்ஸாம் ஹாலுக்கு இல்லை, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அரியரை அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம்.

முழங்கால் தண்ணியில நடந்து வந்தீங்களா? எலிக்காய்ச்சல் கிருமி அந்தத் தண்ணியில இருக்கலாம். காயத்தோட இறங்காதீங்க, வந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்க. நனைஞ்ச ஷூவுக்குள்ள பேப்பரைச் சுருட்டித் திணிச்சு வெச்சா காலையில ஓரளவு காய்ஞ்சிருக்கும். ஈர சாக்ஸையே மறுபடி மாட்டுனா விரலிடுக்குல சேத்துப்புண் கேரன்ட்டி. 'மெட்ராஸ் ஐ' வந்தவன் கண்ணைப் பார்த்தா ஒட்டிக்கும்ங்கிறது கப்ஸா. அவன் கண்ணைத் தேய்ச்ச கையால தொட்ட டவல், போன், கதவுக் கைப்பிடிதான் வில்லன். அவனை ஒதுக்காதீங்க, டவலைப் பிரிங்க.

பனி சப்ஜெக்ட்

சென்னையில 20 டிகிரிக்கே மஃப்ளர் கட்டுற நாம பனியைப் பத்திப் பேசுனா ஊட்டி மாணவர்கள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும்! குளிர்ல தாகம் தெரியாது, ஆனா உடம்புக்குத் தண்ணி தேவை இருக்கு. உதடு வெடிச்சா தேங்காய் எண்ணெய் போதும். ஆஸ்துமா, வீஸிங் இருக்கிறவங்க போகி அன்னிக்கு ஜன்னலைச் சாத்திட்டு உள்ளேயே இருங்க. 2018 போகி அன்னிக்குப் புகையால சென்னை ஏர்போர்ட்டுக்கு வந்த விமானங்களே திணறிப்போச்சு. நம்ம நுரையீரல் எம்மாத்திரம்?

இன்னொரு மாற்றம் நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லை. ஜூன் கடைசியில சென்னையில சூரியன் மறையறப்போ மணி ஆறரை தாண்டிடும். நவம்பர்ல ஆறு மணிக்கு முன்னாடியே இருட்டிடும். லேப் முடிஞ்சு வெளியே வந்தா ராத்திரி! அதோட மூணு நாள் தொடர் மழை, கிரவுண்ட் இல்லை, ரூமை விட்டு வெளியே போக வழியில்லை, எக்ஸாம் பயம் வேற. முதல் வருஷப் பசங்களுக்கு வீட்டு ஞாபகம் தொண்டையை அடைக்கிறது இந்த நாட்கள்லதான். மழை விட்ட அரை மணி நேரம் கிடைச்சாக்கூட வெளிச்சத்துல நடங்க. போர்வைக்குள்ளேயே கிடக்கிற ரூம்மேட்டை 'வாடா, டீ குடிக்கலாம்'னு இழுத்துட்டுப் போங்க. மனசு ரொம்ப பாரமா இருந்தா 14416-க்குப் பேசலாம். அரசோட 'டெலி மானஸ்' இலவச எண். 24 மணி நேரமும் இருக்காங்க, தமிழ்லயும் பேசலாம்.

இந்த வார அசைன்மென்ட்: உங்க டிபார்ட்மென்ட்ல மாடிக்கு ஒரு குடிதண்ணி கேன், பெண்கள் டாய்லெட்டுக்கு ஒரு தாழ்ப்பாள், பைப்புல தண்ணி. இந்த மூணும் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கிளாஸ் முழுக்கக் கையெழுத்து போட்டு எச்.ஓ.டி. மேஜையில வைங்க. பசங்க கையெழுத்து முதல்ல இருக்கட்டும்.

லெட்டர் எழுத உட்கார்றதுக்கு முன்னாடி... ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வாங்க மக்களே!