ஹெல்மெட்டுக்கு அபராதம் இருக்கு, கண்ணாடிக்கு யார் இருக்கா?

ஹெல்மெட் போடலைன்னா ஆயிரம் ரூபாய் அபராதம். நியாயம்தான், நான் அதுக்கு எதிரி இல்லை. ஆனா ஹெல்மெட் போட்டவன் மழையில் ரோட்டைப் பார்க்க முடியுதான்னு யாராவது கேட்டிருக்காங்களா மக்களே? போலீஸ் கேக்கலை, கடைக்காரர் கேக்கலை, செய்யறவன் கேக்கலை. கொடுமை என்னன்னா, தலையை உள்ள குடுத்துட்டு ஓட்டுற நாமளும் கேக்கலை.

சொல்ல வந்ததை முதல்லயே சொல்லிடறேன். மழையில் முன்னால் வர்றதைக் காட்டாத ஹெல்மெட் பாதி ஹெல்மெட். கண்ணாடி (வைசர்னு கௌரவமா சொல்லிக்கலாம்) அலங்காரம் இல்லை, அதுவும் உயிர் காக்கிற பாகம்தான். அதை ஸ்டிக்கர் மாதிரி நினைக்கிற வரைக்கும், ஐப்பசி கார்த்திகையில் ஜனங்க ஹெல்மெட்டைக் கழட்டி டேங்க் மேல வெச்சுகிட்டுதான் ஓட்டுவாங்க. அப்புறம் "விழிப்புணர்வு போதவில்லை"ன்னு ஒரு ஊர்வலம் விடுவாங்க.

எங்க ஊர் சேத்தியாத்தோப்பு. தெரியாதவங்களுக்கு: சென்னைலேர்ந்து கும்பகோணம் போற பஸ்ல பண்ருட்டி, வடலூர் தாண்டினா வரும். சிதம்பரம் - விருத்தாசலம் ரோடு குறுக்கே வெட்டுற இடம். பக்கத்துல வெள்ளாறு, கொஞ்சம் தள்ளி வீராணம் ஏரி. வீராணம் தண்ணி 2004லேர்ந்து குழாய் வழியா சென்னைக்குப் போகுது. எங்களுக்குக் குழாயெல்லாம் தேவையில்லை, ஹெல்மெட்டோட மேல் விளிம்பு வழியா நேரா மூக்குக்கே சப்ளை ஆயிடும்.

சிரிக்காதீங்க. இங்கேர்ந்து தினமும் வடலூர் வழியா நெய்வேலிக்கு ஆணி புடுங்கப் போற கூட்டம் எவ்ளோன்னு விடியக்காலைல ரோட்டோரம் நின்னு பாருங்க. ஷிப்டுக்குப் போறவன், பால் ஊத்துறவன், சுரங்கத்துல ஒப்பந்தக் கூலி, பின்னால பிள்ளையை வெச்சுகிட்டு ஸ்கூல்ல விடப்போற அம்மா, எல்லாரும் ரெண்டு சக்கரத்துலதான். தமிழ்நாட்டோட வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டுது. அதுலயும் கடலூர் மாவட்டம் முன்வரிசை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ஞ்சது ஞாபகம் இருக்கும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையேறினப்பவும் நாங்கதான் நனைஞ்சோம்.

சட்டத்தோட கதையையும் பாத்துடுவோம். 2007ல் தமிழ்நாட்டுல ஹெல்மெட் கட்டாயம்னாங்க, கொஞ்ச நாள்ல தேஞ்சு போச்சு. உயர்நீதிமன்ற உத்தரவுக்கப்புறம் 2015 ஜூலை 1லேர்ந்து மறுபடி கட்டாயம், பின்னால உக்கார்றவருக்கும் சேர்த்து. 2019 சட்டத் திருத்தத்துல அபராதம் ஆயிரம் ரூபாய், லைசென்ஸ் மூணு மாசம் முடக்கம்னு வந்து, 2022 அக்டோபர்லேர்ந்து இங்க அந்த ஆயிரத்தை வாங்க ஆரம்பிச்சாங்க. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விக்கவே கூடாது. எல்லாம் மண்டை ஓட்டுக்காகத்தான். நல்லது. 2022ல் இந்தியா முழுக்க சாலை விபத்துல செத்தவங்க 1,68,491 பேர், அதுல 44 சதவீதத்துக்கு மேல் ரெண்டு சக்கரக்காரங்க. மண்டையைக் காப்பாத்தணும், மறுபேச்சே இல்லை.

ஆனா விழுந்தப்புறம் காப்பாத்துறது மண்டை ஓடு. விழாம காப்பாத்துறது கண்ணு. இந்த ரெண்டாவது விஷயத்தை ஏன் யாரும் பேசலை?

இப்ப கொஞ்சம் அறிவியல். தண்ணி ஏன் உள்ள வருதுன்னு தெரிஞ்சாதான் யாரைத் திட்டணும்னு தெரியும்.

நம்ம மூச்சுக்காத்து சூடு, ஈரம். மழை நேரத்துல கண்ணாடி சில்லுன்னு இருக்கும். மூச்சு பட்டதும் உள்பக்கம் ஆவி படியும். ஓடிட்டிருக்கும்போது காத்து கொஞ்சம் அள்ளிட்டுப் போகும். வேகத்தடையிலயோ வடலூர் நாலு ரோட்டுலயோ நின்னீங்கன்னா போச்சு, வெள்ளைத் திரை விழுந்துடும். மூக்குக்கண்ணாடி போட்ட ஆளுக்கு டபுள் திரை (அவ்வ்வ்).

அப்ப என்ன செய்வோம்? கண்ணாடியை ஒரு விரல் அளவு தூக்கி விடுவோம். இங்கதான் சூட்சுமம். கண்ணாடி ரெண்டு காதோரத் திருகுலயும் சுத்துது. கீழ் விளிம்பைத் தூக்கினா, நெத்திக்கு மேல ரப்பர் பீடிங்கோட ஒட்டி இருக்கிற மேல் விளிம்பும் இடம் நகரும். அந்தச் சந்துல, ஹெல்மெட் மண்டையிலேர்ந்து வழியற தண்ணி கண்ணாடியோட உள்பக்கமா இறங்கும். உள்பக்கம் இறங்கின தண்ணியைத் துடைக்க முடியாது. மறுபடி மூடினா ஆவி, தண்ணி ரெண்டும் சேர்ந்து குடித்தனம்.

ஆக மழை உள்ள வர்றதும் ஆவி படியறதும் தனித்தனி வியாதி இல்லை. ஆவியைப் போக்கத் திறக்கறோம், திறந்ததால மழை வருது. ஆவியை முதல்ல அடக்கினாதான் கண்ணாடியை மூடி வைக்க முடியும். மூடி வெச்சாதான் பீடிங் வேலை செய்யும். இதைச் சொல்லாம "தண்ணி புகாத ஹெல்மெட்"னு எதை வித்தாலும் அது சும்மா.

இனி நம்ம அறிவுரை அய்யாசாமிகளைக் கொஞ்சம் கவனிப்போம்.

அய்யாசாமி 1: "மழை வந்தா ஓரங்கட்டி நில்லேன்." நிக்கலாம் சாமி. கோடைமழைன்னா அரை மணி நேரத்துல விட்டுடும். ஐப்பசி அடைமழைக்கு ஓரங்கட்டினா தை பொறந்துதான் கிளம்பணும். ஷிப்டுக்கு லேட்டானா கூலியை நீங்க குடுப்பீங்களா? கண்ணே தெரியாத கொட்டுமழைல நிக்கத்தான் வேணும், அதுல சண்டை இல்லை. மீதி நேரமெல்லாம் ஓடித்தான் ஆகணும்.

அய்யாசாமி 2: "கண்ணாடியைத் தூக்கிட்டு ஓட்டு." பெரிய மழைத்துளி விழற வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கும். நீங்க 60ல போறீங்கன்னா ரெண்டும் சேர்ந்து சுமார் 68 கிலோமீட்டர் வேகத்துல கண்ணுல அறையும். கண்ணு தானா மூடிக்கும். 60ல போற வண்டி ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் ஓடும். ரெண்டு விநாடி கண்ணை மூடினா 33 மீட்டர் குருட்டுப் பயணம். எதிர்ல கரும்பு ட்ராக்டர், பின்னால விளக்கு கிடையாது. கணக்கை நீங்களே போட்டுக்குங்க.

அய்யாசாமி 3: "அதான் புது ரோடு போட்டாச்சே." போட்டாச்சு. சேத்தியாத்தோப்புலேர்ந்து சோழபுரம் வரைக்கும் 50 கிலோமீட்டர் நாலு வழிச்சாலை, 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 2025 ஜூலையில் திறந்தாங்க. சந்தோஷம். ஆனா பழைய ரோட்டுல பள்ளத்துக்குப் பயந்து லாரி மெதுவா போச்சு. நல்ல ரோட்டுல அவன் வேகமா போவான், வேகத்துக்குத் தக்க மாதிரி டயர் தண்ணியைப் புகையாத் தூக்கும். அந்தப் புகைக்குள்ள நுழையற பைக்காரனுக்குக் கண்ணாடிதான் கதி. ரோடு நல்லா ஆக ஆக கண்ணாடியும் நல்லா ஆகணும்.

சரி, திட்டினது போதும். செலவு கம்மியா என்ன செய்யலாம்?

1. பேப்பர் சோதனை. நோட்டுப் பேப்பர்ல ஒரு துண்டு கிழிச்சு மேல் விளிம்புக்கும் பீடிங்குக்கும் நடுவுல வெச்சு கண்ணாடியை மூடுங்க. மெதுவா இழுங்க. இறுக்கிப் பிடிச்சா சரி. வழுக்கிகிட்டு வந்தா அதான் ஓட்டை. இடது, நடு, வலதுன்னு மூணு இடத்துல பாருங்க. கடையில் வாங்கும்போதே செய்யலாம், பேப்பருக்குக் காசு கேக்க மாட்டாங்க.

2. இடைவெளி இருந்தா காதோரத் திருகைப் பாருங்க. பல ஹெல்மெட்ல அந்தத் தட்டோட துளை நீளவாக்குல இருக்கும். திருகைத் தளர்த்தி, தட்டைப் பின்னால தள்ளி இறுக்கினா கண்ணாடி பீடிங்கோட ஒட்டும். பீடிங் காஞ்சு போயிருந்தா கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்க. பிஞ்சு போயிருந்தா மாத்துங்க.

3. உள்பக்க ஆவிக்கு: பாத்திரம் கழுவுற சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு, மெல்லிசா தடவி, காயவிட்டு, மெத்துன்னு ஒரு துணியால துடைங்க. ஒண்ணு ரெண்டு நாள் தாங்கும். எச்சரிக்கை: பீடிங்கைச் சரி பண்ணாம இதைச் செஞ்சா, உள்ள வர்ற மழையோட சேர்ந்து நுரை கண்ணுக்கே வரும். நிரந்தரத் தீர்வு வேணும்னா பின்லாக். நெதர்லாந்துக்காரங்க கொண்டு வந்தது. கண்ணாடிக்குள்ள இன்னொரு மெல்லிய ஏடு, நடுவுல காத்து. உள் ஏடு சில்லுன்னு ஆகாது, ஆவியும் லேசுல படியாது. ஆனா அதை மாட்ட கண்ணாடியில் ரெண்டு முளை இருக்கணும். நம்ம ஊர்ல சாதாரணமா விக்கிற ஹெல்மெட்ல அதை எங்க போய்த் தேடறது?

4. வெளிப்பக்கம் மெழுகு பாலிஷ் லேசா போட்டுத் துடைச்சா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும். தலையை லேசா பக்கவாட்டுல திருப்பினா காத்தே துடைச்சு விடும். கார் கண்ணாடிக்கு விக்கிற மருந்தை அப்படியே அடிக்காதீங்க. அது கண்ணாடிக்கு, நம்மளுது பாலிகார்பனேட். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கிளீனர் பட்டா மயிரிழை மயிரிழையா வெடிக்கும்.

5. காஞ்ச துணியால, சட்டை நுனியால தேய்க்கறதை விட்டுடுங்க. நம்ம பக்கம் நிலக்கரித் தூசி, சாம்பல்னு எல்லாம் படியும். ஈரத்துணியைப் பத்து நிமிஷம் போட்டு ஊறவிட்டு எடுங்க. கீறல் விழுந்த கண்ணாடியில் ராத்திரி எதிர் விளக்கு பட்டா நூறு விளக்கா சிதறும், மழைன்னா இன்னும் மோசம். கறுப்புக் கண்ணாடி ஸ்டைலுக்கு நல்லா இருக்கும், பொழுது சாஞ்சா எமன்.

இதெல்லாம் நாம செய்யறது. செய்யவேண்டியவங்க என்ன செய்யறாங்க? அந்த முத்திரை, ஹெல்மெட் அடி தாங்குமான்னு நமக்கு நம்பிக்கை குடுக்குது. மழையில் ரோடு தெரியுமான்னு அதை நம்பி சொல்ல முடியாது. ஐரோப்பாவோட விதி எண் 22ல் (05வது திருத்தம்) கண்ணாடி 80 சதவீத வெளிச்சத்தையாவது உள்ள விடணும், அதுக்குக் கீழ போனா பகல்ல மட்டும்னு கண்ணாடி மேலயே எழுதணும். ஆவி தடுப்புக்கும் அதுல ஒரு சோதனை வெச்சிருக்காங்க, ஆனா அதை விருப்பம்னு விட்டுட்டாங்க. குளிர்நாட்டுக்காரனே விருப்பம்னு விட்டிருக்கான்னு சொல்லி நாம சும்மா இருக்கக்கூடாது. மூணு மாசம் மழையில் மொபெட்டுலயும் பைக்குலயும் வேலைக்குப் போற நாடு நம்மளுது. நமக்கு அது கட்டாயமா இருக்கணும்.

போன மழைக்கு முன்னால பக்கத்து டவுன்ல ஒரு கடையில் என் ஹெல்மெட்டுக்குக் கண்ணாடி மட்டும் கேட்டேன். "தனியா வராது சார், புதுசே எடுத்துக்குங்க, மண்டையோடு டிசைன் வந்திருக்கு"ன்னார். மண்டையோடு நம்ம கிட்ட ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அதைக் காப்பாத்தத்தான் வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். இதுல அந்த மனுஷன் மேல கோபமில்லை. அவருக்கு வர்றதைத்தான் அவர் விப்பார்.

அதனால நான் கேக்கறது மூணே மூணு. ஒண்ணு, விக்கிற எல்லா ஹெல்மெட்டோட கண்ணாடிக்கும் ஆவி, மழை சோதனை கட்டாயம் ஆகணும். ரெண்டு, ஹெல்மெட் விக்கிற கடையில் அதே மாடலுக்குக் கண்ணாடியும் பீடிங்கும் தனியா கிடைக்கணும். மூணு, புது வண்டியோட ஹெல்மெட் குடுக்கணும்னு மோட்டார் வாகன விதியில் (138) இருக்கு. பேருக்கு ஒண்ணைக் குடுக்காம, மழையில் போட்டு ஓட்டக்கூடியதைக் குடுக்கணும். ஆயிரம் ரூபாய் வாங்கத் தெரிஞ்ச அரசாங்கத்துக்கு இது பெரிய வேலை இல்லை.

"இது ஒரு சின்ன விஷயம், இதுக்கு இவ்ளோ நீளமா?"ன்னு சிலர் கேப்பீங்க. பெட்டி தட்டிகிட்டு ஏசியில் உக்காந்திருந்தா சின்ன விஷயம்தான். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு, எதிர்ல லாரி ஹைபீம்ல வர, கண்ணாடிக்கு உள்ள ஆவியும் வெளிய மழையுமா வர்றவனுக்கு அந்த ஒரு சதுர ஜாண் பிளாஸ்டிக்தான் உலகம்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு "அப்ப மழைல ஹெல்மெட்டே வேணாம்னு சொல்றீங்களா?"ன்னு யாராவது கும்மி அடிக்க வந்தா, முதல்லேர்ந்து மறுபடி படிக்கச் சொல்லுவேன். ஹெல்மெட் வேணும். முழு ஹெல்மெட் வேணும். மழைக்கு முன்னால இன்னைக்கே ஒரு பேப்பரைக் கிழிச்சு சோதிச்சுடுங்க.