'பழசாயிடுச்சு' என்பது ஒரு காரணமா?

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். நீளமாகவும் இருக்கும். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் பேரன் பேசுவது எனக்குப் புரியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். "என்னடா கண்ணு?" என்று மூன்று தடவை கேட்பேன். நாலாவது தடவை, "அப்பாயிக்குக் காது கேக்கல" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவான். மகன், "வயசாயிடுச்சுல்லம்மா, காதை டாக்டர்கிட்ட காட்டு" என்றான். கம்ப்யூட்டர் கடைக்காரர், "எட்டு வருஷ சிஸ்டம் டீச்சர், பழசாயிடுச்சு. போர்டு மாத்தணும், இல்ல புதுசு வாங்கிடுங்க" என்றார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஒருவர் என்னைப் பழசு என்றார், இன்னொருவர் பெட்டியைப் பழசு என்றார். இரண்டு பேருமே சோதித்துப் பார்க்காமல் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

காதைச் சோதிப்பதில் எனக்கு வெட்கம் இல்லை. போய்ப் பார்த்தேன். வயதுக்கு ஏற்ற அளவில் கேட்கிறது, காது மிஷின் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அப்புறம் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததையே நானும் செய்தேன். நினைவிருக்கிறதா? சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

முதலில் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, பழைய ஸ்பீக்கரில் பேரனோடு பேசினேன். தெளிவாகக் கேட்டது. ஆக, காதும் நன்றாக இருக்கிறது, போர்டும் நன்றாக இருக்கிறது, இன்டர்நெட்டும் நன்றாக இருக்கிறது. அடுத்து, மகன் பொங்கலுக்கு வாங்கித் தந்த ப்ளூடூத் ஹெட்செட்டை மாட்டிப் பாட்டு கேட்டேன். அருமை. அதே ஹெட்செட்டில் கால் பேசினேன். மறுபடியும் கிணறு! பாட்டுக்கும் காலுக்கும் என்ன வித்தியாசம்? காலில் மைக்கும் வேலை செய்கிறது. அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நாம் வாங்கும் பெரும்பாலான ப்ளூடூத் ஹெட்செட்டுகளுக்கு இரண்டு முறைகள் உண்டு. பாட்டு கேட்கும்போது நல்ல ஸ்டீரியோ ஒலி வரும். அதன் மைக்கைத் திறந்தவுடன் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' முறைக்கு மாறிவிடும். அந்த முறையின் பழைய வகையில் ஒலியை நொடிக்கு 8,000 மாதிரிகளாகத்தான் எடுக்கும். கொஞ்சம் புதியதில் 16,000. பாட்டுக்கு வழக்கமாக 44,100. மாதிரிகளின் எண்ணிக்கையில் பாதி அதிர்வெண் வரைக்கும்தான் ஒலி வரும் என்பது கணக்கு. ஆக, 8,000 என்றால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. 'ஸ்', 'ஃப்' போன்ற ஒலிகளின் பெரும்பங்கு அதற்கு மேலேதான் இருக்கிறது. விழுந்த பல்லைப் பற்றி ஆறு வயதுப் பையன் கீச்சுக்குரலில் சொன்னால் என்ன புரியும்?

இதற்கு மருந்து காசில்லாதது. கால் பேசும் செயலியின் அமைப்பில், மைக் என்ற இடத்தில் வெப்கேமின் மைக்கைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்செட்டின் 'ஸ்டீரியோ'வைத் தேர்ந்தெடுத்தேன். கிணறு போயே போச்சு. வெப்கேம் இல்லாதவர்கள் ஒயர் வைத்த ஹெட்போனை மாட்டினாலே போதும்.

இன்னும் இரண்டு. கால் வந்தவுடன் பாட்டுச் சத்தம் தானாகக் குறைகிறதா? அது ரிப்பேர் இல்லை. விண்டோஸ் 10-இல் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடு முதலிலிருந்தே இருக்கும். வலது மூலை ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து, 'சவுண்ட்ஸ்', அதில் 'கம்யூனிகேஷன்ஸ்', அதில் 'டூ நத்திங்' என்று வையுங்கள். லேப்டாப்பை ஸ்பீக்கரோடு இணைத்தால் 'ம்ம்ம்' என்று இரைகிறதா? சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு மின்சார இணைப்பு வழியாக வருகிறது. பிளக்கையும் எர்த்தையும் கவனியுங்கள், லேப்டாப்பைத் திட்டாதீர்கள்.

கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். பொருள் நிஜமாகவே கெட்டுப்போவதும் உண்டு. அப்போது புதுசு வாங்கத்தான் வேண்டும். ஆனால் 'பழசாயிடுச்சு' என்று சொன்னால் அது வாங்கிய வருஷத்தைத்தான் சொல்கிறது, கோளாறைச் சொல்லவில்லை. பரீட்சையில் அப்படி எழுதியிருந்தால் மார்க் போட்டிருப்பேனா?

பிள்ளைகளுக்கும் ஒன்று. அம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று நீங்கள் முடிவு கட்டியவுடனே அவளிடம் பேசுவதைக் குறைத்துவிடுகிறீர்கள். 'சரி சரி, அப்புறம் சொல்றேன்' என்கிறீர்கள். அவளும் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஆறு மாதம் அப்படி உட்கார்ந்திருந்தேன். என் பேரனுக்கு இரண்டு பல் விழுந்து, அதில் ஒன்று முளைத்தும்விட்டது. அவன் ஒவ்வொரு வாரமும் அதைத்தான் சொல்லியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குக் கேட்டது.

இந்த வாரம் வீட்டுக்குப் பேசும்போது, குரல் சரியாகக் கேட்கவில்லை என்று அம்மாவோ அப்பாவோ சொன்னால், வயதைச் சொல்லாதீர்கள். ஹெட்செட்டை ஒரு தடவை கழற்றிவிட்டுப் பேசச் சொல்லுங்கள். முதல் சோதனை அதுதான். இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்