இருவாட்சிக்கு வேண்டியது முதிய மரம்

மலேசியக் காடுகளில் 10 வகை இருவாட்சிகள் வாழ்கின்றன. மலாய்மொழியில் ‘எங்காங்’ எனப்படும் இப்பறவையின் பெயரைக் கேட்டதும் அதன் அலகின் மேலுள்ள கொம்புதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், அதன் எதிர்காலம் ஒரு மரப்பொந்தை நம்பியிருக்கிறது.

தலைக்கவச இருவாட்சியை எடுத்துக்கொள்வோம். இதன் எடை சுமார் 3 கிலோ. மற்ற இருவாட்சிகளின் கொம்பு உள்ளே கூடாக இருக்கும். இதன் கொம்போ முன்பகுதியில் தந்தம்போல் கெட்டியானது. அந்தக் கொம்புக்காகவே வேட்டையாடப்பட்டு, 2015இல் இது அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

வேட்டையைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. பொந்தின் நிலை என்ன?

மரங்கொத்தியைப்போல் இருவாட்சியால் மரத்தைக் குடைய முடியாது. தானாக உண்டான பொந்தைத்தான் அது தேடவேண்டும். பெண் பறவை உள்ளே நுழைந்ததும் வாயில் அடைக்கப்படும். மிஞ்சியிருக்கும் சிறு பிளவின் வழியே ஆண் பறவை அத்திப்பழங்களை ஊட்டும். சுமார் 5 மாதங்கள் இப்படிக் கழியும். வளர்வதோ ஒரே ஒரு குஞ்சு. இவ்வளவு பெரிய பறவைக்கு ஏற்ற பொந்து முதிர்ந்த பெருமரங்களில்தான் கிடைக்கும். மரம் வெட்டுவோர் தேடுவதும் அதே பெருமரங்களைத்தான்.

எனவே, ஒரு பெருமரத்தை வெட்டிவிட்டு ஆயிரம் கன்றுகளை நட்டாலும் கணக்கு நேராகாது. இன்று நடும் கன்று பொந்துள்ள மரமாவதற்குப் பல தலைமுறைகள் ஆகும். மேலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் எனத் தெரியும் காட்டில்கூட இருவாட்சிக்கு வீடு இல்லாமல் போகலாம்.

சிங்கப்பூரில் செயற்கைக் கூட்டுப்பெட்டிகள் பலன் தந்தனவே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். புலாவ் உபினில் வைத்த பெட்டிகளில் இருவாட்சிகள் குஞ்சு பொரித்தன. ஆனால், அவை உருவில் சிறியவை. பூங்காக்களிலும் வாழப் பழகியவை. அடர்காட்டை விட்டு வராத தலைக்கவச இருவாட்சிக்குப் பெட்டி மட்டும் போதாது. அதைச் சுற்றிப் பழுத்துக் குலுங்கும் அத்திமரங்களும் வேண்டும்.

மரம் நடும் விழாக்கள் நடக்கட்டும். அத்துடன், காடுகளில் பொந்துள்ள மரங்களையும் அத்திமரங்களையும் அடையாளமிட்டு, அவற்றை வெட்டத் தடை விதிக்கவேண்டும். பழங்களை விழுங்கி, விதைகளைக் காடெங்கும் பரப்பும் இருவாட்சிகள் நமக்கு முன்பிருந்தே மரம் நட்டுவருகின்றன. அவற்றின் வீட்டை விட்டுவைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மாணவர்களே, பள்ளியில் “எத்தனை மரங்கள் நட்டோம்?” என்று கணக்கெடுக்கும்போது, “எத்தனை முதிய மரங்களைக் காத்தோம்?” என்றும் கேளுங்கள்.