கைப்பையா, பேச்சுவார்த்தையா?



2011ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள், புது டில்லியில் இந்திய, பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர்கள் சந்தித்துப் பேசினர். மும்பையில் தொடர் குண்டுகள் வெடித்து இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. இந்தியாவின் சார்பில் எஸ்.எம். கிருஷ்ணா வந்திருந்தார். பாகிஸ்தானின் சார்பில் வந்தவர் அந்நாட்டின் முதல் பெண் வெளியுறவு அமைச்சர் ஹினா ரப்பானி கர். 2009இல் பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் பட்ஜெட்டைத் தாக்கல் செய்த முதல் பெண்ணும் அவரே.

நம் நாட்டு நாளிதழ்கள் பலவற்றில் அவரைப் பற்றி வந்தது என்ன? விலையுயர்ந்த கைப்பை, முத்து மாலை, குளிர்க் கண்ணாடி, உடையின் நிறம்! நேர்த்தியாக உடுத்துவதில் கிருஷ்ணாவும் பெயர் பெற்றவர்தான். ஆனால், அவருடைய கோட்டு தலைப்புச் செய்தி ஆகவில்லை.

அன்று வெளியான கூட்டறிக்கை முக்கியமானது. காஷ்மீரில் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்து நடந்த வணிகம் வாரத்திற்கு 2 நாள்களிலிருந்து 4 நாள்களாக உயர்த்தப்பட்டது. ஆறு மாதங்களுக்குள் பலமுறை சென்றுவர அனுமதிச் சீட்டு வழங்கவும் இசைவு ஏற்பட்டது. கோட்டின் இருபுறமும் பிரிந்து வாழும் உறவினர்களுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல்! 2008இல் தொடங்கிய அந்த வணிகத்தை 2019 ஏப்ரலில் இந்தியா நிறுத்தியது. கூட்டறிக்கையும் அச்சாகத்தான் செய்தது. ஆனால், நம்மில் பலருக்கு நினைவில் நிற்பது கைப்பை மட்டுமே.

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. 2017 மார்ச் இறுதியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதை முறைப்படி அறிவிக்க இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்னர் பிரதமர் தெரசா மேயும் ஸ்காட்லாந்து முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜனும் கிளாஸ்கோவில் சந்தித்தனர். ஒரு நாட்டின் ஒற்றுமையே கேள்விக்குள்ளான வேளை அது. மறுநாள் 'டெய்லி மெயில்' நாளிதழ், இருவரில் யாருடைய கால்கள் அழகு என்று முதல் பக்கத்தில் கேலி பேசியது.

உடையைப் பற்றி எழுதவே கூடாதா? அப்படியல்ல. 2025 பிப்ரவரி முதல் நாள், மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் மதுபனி ஓவியச் சேலை உடுத்தி பட்ஜெட் உரை வாசித்தார். அது பீகார் கலைஞர் துலாரி தேவி அளித்த பரிசு. ஒரு கலைஞரின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதையைச் செய்தியாக்குவது நல்லதே. ஆனால், அதே உரையில்தான் ஆண்டுக்கு 12 இலட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளோர் புதிய முறையில் வரி செலுத்தத் தேவையில்லை என்ற அறிவிப்பும் வந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத ஏழைக்கு அந்த பட்ஜெட்டில் என்ன கிடைத்தது? நிதியமைச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. சேலையோடு நின்றுவிட்டால் இந்தக் கேள்வி எழாது.

எனவே, இழப்பு இருவருக்கு. பெண் தலைவரின் மாண்பு குறைக்கப்படுகிறது. அவர் எடுத்த முடிவுகளை எடைபோடும் உரிமையை மக்களாகிய நாமும் இழக்கிறோம். தகுதியைப் பாராட்டவும் இடமில்லை, தவறைக் கண்டிக்கவும் இடமில்லை. இந்தச் செய்திகளை வாசிக்கும் நம் பெண் பிள்ளைகள், எவ்வளவு உயர்ந்தாலும் தம்மை இப்படித்தான் பார்ப்பார்கள் என்று எண்ணமாட்டார்களா?

அடுத்த முறை செய்தித்தாளைப் புரட்டும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம். இதே பதவியில் ஓர் ஆண் இருந்தால் இப்படி எழுதியிருப்பார்களா? அவர் எடுத்த முடிவு என்ன என்று இதை வாசித்தபின் நம்மால் சொல்ல முடிகிறதா? இரண்டுக்கும் 'இல்லை' என்பதே விடையானால், ஆசிரியருக்குப் பத்து வரியில் ஒரு கடிதம் எழுதுவோம். வாசகர்கள் எதைக் கேட்கிறார்களோ, அதையே நாளிதழ்கள் தரும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.