தறி இல்லாத உழைப்பு

சென்னை மெரினாவில் 1959இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை, தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் மகத்தான ஆக்கம், ஐயமில்லை. ஆனால் பாறையைப் பெயர்க்கும் நான்கு ஆண்களின் தசைத்திரட்சியே உழைப்பு என்று நம் பொதுவெளிக் கலை அத்துடன் முடிவுகட்டிவிட்டது. ஆரணியின் குழித்தறியில் மிதிபலகையை மிதித்தபடி இழை இழையாகப் பட்டு நெய்பவரிடம் புடைத்த தோள்கள் இல்லை. அருகிலிருந்து தார் சுற்றும் பெண்ணிடமும் இல்லை. ஆகவே சிற்பியின் கண்ணில் இருவருமே படவில்லை.

இதற்கு மாற்று, பூங்காவில் தலைவர்களுக்கு நடுவே ஒரு சிமெண்டு நெசவாளியை நிறுத்துவதன்று. நெசவூர்களின் உண்மையான பூங்கா, மரநிழலில் பாவு நீட்டும் பாவடிதான். வாகனங்களுக்கு ஒதுங்கித் தெருவில் பாவு நீட்டுகிறவர்களுக்கு அந்த நிலத்தை விட்டுவைப்பதே நாம் எழுப்பக்கூடிய நினைவுச்சின்னம்.